இனித் தொந்தரவு இல்லை

ஈரோட்டில் பஸ் ஏறும்போதே அவர் பின்வாசல், அவள் முன்வாசல் என்று ஆகிவிட்டது. டவுன் பஸ்ஸில் அதுதான் வழக்கம். தாலி கட்டியவனே ஆனாலும் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தால் கண்டக்டர் ஒரு மாதிரிப் பார்ப்பார். நாச்சிமுத்து பின்னால் ஒரு வாழைத்தார்க்காரருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டார். துளசிமணி முன்னால், டிரைவருக்குச் சற்றுப் பின்னே, ஜன்னலோரம். அவளுக்கு எப்போதும் ஜன்னலோரம்தான் வேண்டும், அது கிடைக்காவிட்டால் வெயிலில் நின்று அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பாள், காற்று இல்லாமல் அவளால் உட்கார முடியாது, இன்று நேற்றல்ல, அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அப்படித்தான். இங்கிருந்து பார்த்தால் அவளுடைய கொண்டையும், கொண்டைக்குக் கீழே வியர்த்த கழுத்தும் மட்டும் தெரிந்தன. மடியில் மஞ்சள் பை இருக்கும். பைக்குள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கும். கைகாட்டி ஸ்டாப்பில் இறங்கினால் எதிரிலேயே மருந்துக்கடை, அதற்குள் முடிவு செய்துவிட வேண்டும், அந்த ஊசி மருந்தை வாங்குவதா வேண்டாமா என்று. முடிவு சொல்லத்தானே டாக்டர்கள் இருக்கிறார்கள். இவரானால் முடிவைத் தூக்கி நோயாளி தலையிலேயே போட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். சின்ன வயசுக்காரர், மீசை கூட ஒழுங்காக வளரவில்லை, ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை, ஐயா ஐயா என்றுதான் பேசினார். அந்த மரியாதையில்தான் எல்லாம் கெட்டது, ஐயா, உறவெல்லாம் எப்படி இருக்கு என்று அவர் கேட்டபோது நாச்சிமுத்துவுக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை. "ஒறவெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. சின்ன மச்சினன் ஊட்டோட மட்டும் வரப்புத் தகராறுல போக்குவரத்து இல்லீங்க, மத்தபடி நல்லது கெட்டதுக்கு எல்லாரும் வந்து போயிட்டுத்தான் இருக்கறாங்க" என்று சொல்லி முடித்த பிறகுதான் டாக்டர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே தலைகுனிந்திருப்பதைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்பது தெரிந்தது, எதற்கு என்றுதான் தெரியவில்லை. "அதில்லீங்க ஐயா. உங்களுக்கும் அம்மாவுக்கும்" என்றார் டாக்டர். அப்போதுதான் துளசிமணி, எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அதெல்லாம் நின்னு போயி ரொம்ப நாளாச்சுங்க சார்." வேறு ஒரு சொல் அதிகம் சொல்லவில்லை.

நின்னு போயி. பஸ் கிளம்பி, ரயில்வே பாலத்தடியில் நின்று, மறுபடி கிளம்பி, கண்டக்டர் வந்து சில்லறைக்காகச் சலித்துக்கொண்டு போன பிறகும் அந்தச் சொல் அவரை விடவில்லை. மழை நின்றது என்பார்கள், கறவை நின்றது என்பார்கள், அது தானாக நிற்பது. யாரோ நிறுத்தினால்தானே நிறுத்தியது என்று ஆகும். அவள் குரலில் கோபம் இருந்ததா என்று தேடிப் பார்த்தார், இல்லை. வருத்தம் இருந்ததா, அதுவும் இல்லை. பால்காரன் வருவதை நிறுத்திவிட்டான் என்று பக்கத்து வீட்டில் சொல்லும் குரல்தான். அவர் இத்தனை வருஷமாக நிறுத்தியது அவள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தியவள் நின்னு போச்சு என்று சொல்வாளா. சொல்லலாம், டாக்டருக்கு முன்னால் வேறெப்படிச் சொல்வாள். சொல்லவே வேண்டியதில்லையே, அவர்தான் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பாரே. மச்சினன் வரப்பை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் போட்டவர் என்ன மழுப்பியிருப்பார், அதுவும் தெரியும் அவளுக்கு. அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் டாக்டர் மறுபடி விவரம் சொன்னார், இரண்டு தடவை காலை வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்திலும் ஆண் சுரப்பு குறைவாகத்தான் இருக்கிறது, சர்க்கரையும் தைராய்டும் சரியாக இருக்கின்றன, வயசானால் இது கொஞ்சம் குறையத்தான் செய்யும், குறைந்த எல்லாருக்கும் மருந்து வேண்டும் என்பதில்லை. "ஆசை குறைஞ்சது உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னா போட்டுப் பாக்கலாம். இந்தச் சோர்வும், சும்மா சும்மா கண்ணு கலங்கறதும் அதுல போயிரும்னு நான் உத்தரவாதம் தரமாட்டேன். ரத்தம் கெட்டியாகுதா, பிராஸ்டேட் எப்படி இருக்குன்னு அப்பப்ப சோதிக்கணும். சில மாசம் போட்டும் பலன் தெரியலைன்னா நிறுத்திரலாம். நீங்கதான் முடிவு பண்ணணும். வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க." வீடு பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. அது காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சீட்டைக் கொடுத்தபோது கையை நீட்டி வாங்கியதும் அதுதான், இரண்டாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டது.

ஆண் சுரப்பு. அவருக்கு அதைப் போய் விளக்க வேண்டுமா. உத்தியோகம் முழுக்க அவர் அதை நிறுத்திக்கொண்டுதானே இருந்தார். கால்நடை ஆய்வாளர் நாச்சிமுத்து என்றால் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் தெரியாது, மாட்டு டாக்டர் என்றால்தான் தெரியும். டாக்டருக்குப் படிக்கவில்லை என்று சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. தடுப்பூசி, சினை ஊசி எல்லாம் உண்டு, ஆனால் அவர் பெயர் நின்றது காயடிப்பதில்தான். காளைக்கன்று திமிர் எடுத்து வேலியை முட்ட ஆரம்பித்ததும் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், ஆஸ்பத்திரிக்குக்கூட இல்லை, நேரே வீட்டு வாசலுக்கு. கயிறு போட்டுச் சாய்த்துக் காலைக் கட்டி, இடுக்கியை நரம்பின் மேல் வைத்து ஒரே அழுத்து, ரத்தம் வராது, காயம் தெரியாது, நறுக்கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். மாடு அலறுவதும் ஒரே ஒரு தடவைதான். பிறகு கயிற்றை அவிழ்த்து எழுப்பிவிட்டு, அதன் புட்டத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, மாட்டுக்காரரைப் பார்த்து அவர் சொல்வார், "இனித் தொந்தரவு இல்லீங்க." இடுக்கி தவறினாலும் அந்தப் பேச்சு தவறாது. அவர்களும் அதற்காகவே காத்திருந்த மாதிரிச் சிரிப்பார்கள். துளசிமணி வாசல்படியில் சுடுதண்ணீர்ச் சொம்போடும் சோப்போடும் நிற்பாள், அவர் கை கழுவும் வரை ஊற்றுவாள். மாட்டைப் பார்க்கமாட்டாள். பாவமுங்க என்று ஒரே ஒரு தடவை, கலியாணமான புதுசில், சொன்னாள், அவர் சிரித்துவிட்டு அதுக்கு ஒண்ணும் தெரியாது புள்ள என்றார். தெரியாது என்றுதான் அப்போது நினைத்தார். மறுவாரம் போய்ப் பார்த்தால் அதே மாடு அதே தவிடுதான் தின்னும், அதே கொட்டகைதான், ஆனால் பசு பக்கத்தில் போனால் தலையைத் தூக்காது. வாலைக்கூடத் திருப்பாது. எதையோ மறந்துவிட்டு, எதை மறந்தோம் என்பதையும் மறந்துவிட்ட முகம். அந்த முகத்தைப் போன மாதம் ஒரு நாள் சவரக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் அவர் பயந்து போனார். தாடியே சரியாக வளரவில்லை, சவரம் செய்ய என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு நின்றவர் அப்படியே அழுதார். காரணம் ஒன்றும் இல்லை. டிவியில் யார் வீட்டுக் கலியாணம் என்றாலும் அழுகை வந்தது, உரமூட்டையை நகர்த்தப் போனால் பாதியில் கை விட்டுப் போனது, சாப்பிட்டால் தூக்கம், தூங்கினால் சோர்வு. மகள்தான் திருப்பூரிலிருந்து போனில் விரட்டி விரட்டி டாக்டரிடம் அனுப்பினாள். அவள் சர்க்கரைக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் என்னவென்று சொல்வது.

அவல்பூந்துறையில் பஸ் நின்றது. இரண்டு பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஏறி முன்னால் நின்றதில் துளசிமணியின் கொண்டை மறைந்தது, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார், தெரியவில்லை. மறைந்ததும் ஏனோ பதற்றமாக இருந்தது. ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போன அன்றும் இப்படித்தான், தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டு போனார்கள், கதவு சாத்தும் வரை கொண்டை தெரிந்தது. அதற்கு முந்தின வருஷம் முழுக்க உதிரப்போக்கு நிற்கவில்லை, கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், கூடவே முட்டைப்பையையும் எடுத்துவிடுவது நல்லது, பிற்பாடு வம்பு வராது என்றார்கள். சரி என்று அவர்தான் கையெழுத்துப் போட்டார். அன்று முடிவு பண்ண நேரமே ஆகவில்லை, பேனாவைக் கொடுத்தார்கள், போட்டார். தழும்பு ஆறியது, உதிரம் நின்றது, உடம்பு மட்டும் தீப்பிடித்தது. உட்கார்ந்திருந்தவள் திடீரென்று எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியில் தலையை முக்குவாள், நடுச்சமையலில் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்று மூச்சு வாங்குவாள். அவர் சூட்டு உடம்பு என்று வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தார், இளநீர் வாங்கி வந்தார், குறை சொல்ல முடியாது, வாராவாரம் வாங்கி வந்தார். பசுவுக்கு முட்டைப்பையை எடுத்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டிருந்தால் விளக்கமாகச் சொல்லியிருப்பார். வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதுசிலேயே அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்கட்டு ரூமுக்குப் போனாள், அங்கேதான் காத்து வருதுங்க என்றாள். காற்றுக்காகப் போகிறாள் என்றுதான் அவரும் நினைத்தார். உடம்பு தேறட்டும், தேறினால் அவளே வருவாள் என்று காத்திருந்தார். தேறினாள், வரவில்லை. ஒரு மழை நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை, அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், பின்னால் போய்த் தோளில் கை வைத்தார். அவள் அசையாமல் இருந்தாள், முறம் நின்றது. ஒரு நிமிஷமோ அரை நிமிஷமோ. பிறகு, துணி நனையுதுங்க என்று எழுந்து போனாள். உண்மையிலேயே துணி நனைந்துகொண்டுதான் இருந்தது, கொடியில் அவருடைய காக்கிச் சட்டை. அவர் அதற்குப் பிறகு கை வைக்கவில்லை. அவளுக்கு வேண்டாமென்று போய்விட்டது, வற்புறுத்தக் கூடாது என்று தனக்குத் தானே ஒரு பெருமை பேசிக்கொண்டார். கொஞ்ச வருஷம் உடம்பு கேட்டது, புரண்டு புரண்டு படுத்தார், பிறகு கேட்பதை விட்டுவிட்டது. எப்போது விட்டது என்று இப்போது யோசித்தால் நாள் தெரியவில்லை, அதைக் கவனிக்காமலே இருந்திருக்கிறார். அதுதான் இப்போது உறுத்தியது. இழவு வீட்டுக்குப் போகாமல் விட்டுவிட்டு, ரொம்ப நாள் கழித்துச் செய்தி கேட்கிறவன் எப்படி அழுவான், யாரிடம் போய்த் துக்கம் கேட்பான்.

வாழைத்தார்க்காரர் தூங்கி அவர் தோளில் சாய்ந்தார். தள்ள மனம் வரவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஜன்னலுக்கு வெளியே கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் கலங்கலாகப் போயிற்று. ஊசி போட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாமல் போகலாம், டாக்டரே சொல்லிவிட்டார். அப்படியானால் இந்த அழுகைக்கும் சோர்வுக்கும் ரத்தம் காரணம் இல்லை, வேறு ஏதோ காரணம் என்று ஆகும், அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. பெரியண்ணன் கடைசியில் மூத்திரக் குழாயோடு கட்டிலில் கிடந்தது கண்ணில் வந்தது, அதுவும் பிராஸ்டேட்தான், ஆனால் இவருக்குச் சோதித்துப் பார்த்துச் சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள், அந்தப் பயத்தைச் சாக்காக வைத்துத் தப்பிக்க முடியாது. சரி, வேலை செய்துவிட்டால்? ஆசை வந்துவிட்டால்? வந்த ஆசையை எங்கே கொண்டு போய் வைப்பது. காயடித்த மாட்டுக்குத் திரும்ப ஊசி போட்டு எழுப்பிவிட்டு, பசு இல்லாத கொட்டகையில் கட்டிப் போட்டால் அது என்ன செய்யும், வேலியைத்தான் முட்டும். முன்கட்டு ரூமில் இருப்பவள் திடுக்கிட்டு எழுந்து உட்காருவாள், இந்த வயசில் இதென்ன கூத்து என்று நினைப்பாள், நினைத்தாலும் வெளியே சொல்லமாட்டாள், சரி என்று படுத்துக்கொள்வாள். அந்தச் சரியை நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது. மருந்துக்கடைச் சிவசாமி வேறு, சீட்டைப் படித்தவுடன் கண்ணாடிக்கு மேலே பார்ப்பான், சாயங்காலத்துக்குள் டீக்கடையில் மாட்டு டாக்டருக்குக் கொழுப்பைப் பாருங்கடா என்று ஆகிவிடும், ஊருக்கே காயடித்த மனுஷன் தனக்கு ஊசி போட்டுக்கொள்கிறான் என்பார்கள், அதில் உண்மை இல்லாமலும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்கேயோ இறங்கிவிட்டிருந்தார்கள், கொண்டை மறுபடி தெரிந்தது. அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். வேண்டாம். அவளைப் போய் இனிமேல் படுத்தக் கூடாது. இருக்கிற காலத்தை இப்படியே ஓட்டிவிடலாம், சோர்வென்றால் சோர்வு, அழுகையென்றால் அழுகை, யாருக்கு என்ன நஷ்டம். அவளுக்காக இதையாவது செய்யலாம் என்று தோன்றியதும் மனசு லேசானது, கொஞ்சம் தன்மேலேயே பிரியம்கூட வந்தது. கண்டக்டர் கைகாட்டி, கைகாட்டி என்று கத்தினார்.

அவர் பின்வாசலில் இறங்கி வருவதற்குள் அவள் முன்வாசலில் இறங்கிப் புளியமர நிழலுக்குப் போயிருந்தாள். பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. எதிர்ச் சாரியில் சிவசாமி கடை திறந்துதான் இருந்தது. துளசிமணி பைக்குள் கைவிட்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"வேண்டாம் புள்ள" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துத்தான் சொன்னார். "ரோசன பண்ணிட்டேன். இத்தன வருசத்துக்கப்பறம் உனக்கு எதுக்குத் தொந்தரவு."

நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

"அன்னிக்கும் இதையேதானுங்க சொன்னீங்க."

"என்னிக்கு?"

"ஆஸ்பத்திரில இருந்து என்னைக் கூட்டியாந்த அன்னிக்கு. கார்ல ஏத்திக் கதவச் சாத்தீட்டு, தோள்ல ஒரு தட்டுத் தட்டிச் சொன்னீங்க. இனித் தொந்தரவு இல்லன்னு." அவள் நிதானமாகத்தான் பேசினாள். "மாட்டுக்காரங்ககிட்டச் சொல்றாப்பலயே."

சொன்னாரா. சொல்லியிருப்பார். வாய்ப்பழக்கம். உதிரம் நின்றுவிட்டது, வயிற்றுவலி இனி இல்லை, நீ பட்ட பாடு தீர்ந்தது என்று, ஆறுதலாக, ஆசையாகத்தான் சொல்லியிருப்பார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான்.

"நா உன்ற வயித்து வலிய நெனச்சு…"

"இப்பப் புரியுதுங்க. அப்பப் புரியல." முந்தானையால் விசிறிக்கொண்டாள். "செரி, இவருக்கு இனி நம்மகிட்ட ஒண்ணும் இல்லபோலன்னு பாயை எடுத்துட்டுப் போயிட்டேன். நீங்களாக் கூப்புடுவீங்கன்னு பாத்தேன்."

"அந்த மழையன்னிக்கு நா வந்தேனே."

"வந்தீங்க. துணி எடுத்துட்டுத் திரும்பி வந்தேன். நீங்க சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டீங்க."

புளியமரத்தில் காக்கை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அவருக்கு அழ வேண்டும் போலிருந்தது, வழக்கமாகக் காரணமே இல்லாமல் வருகிற கண்ணீர், காரணம் கிடைத்த இப்போது வரவில்லை. அந்த மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போனார் என்று யோசித்தார். எங்கேயும் போயிருக்கமாட்டார், டீக்கடைக்குத்தான் போயிருப்பார்.

அவள் சீட்டை அவர் சட்டைப்பைக்குள் செருகினாள். செருகிய கையை அங்கேயே ஒரு கணம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"என்னைய யாரும் கேக்கலீங்க, வேணுமா வேண்டாமான்னு. உங்களயாவது கேக்கறாங்க. எனக்குத் தொந்தரவுன்னு நீங்களாச் சொல்லாதீங்க. போயி நின்னு நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க, நா இங்கயே இருக்கறேன்."

அவர் ரோட்டைக் கடந்தார். சிவசாமி கண்ணாடிக்கு மேலே பார்த்தான்.

"வாங்க டாக்டரே. என்ன வேணுமுங்க?"

என்ன வேண்டும். சட்டைப்பையின் மேல் கையை வைத்தார், சீட்டு உள்ளே மடிப்பு மடிப்பாகத் தட்டுப்பட்டது. திரும்பிப் பார்த்தார். நிழலில் அவள் பையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள், இத்தனை தூரத்திலும் கழுத்து வியர்வையில் பளபளத்தது. அவர் வாயில் வந்தது ஊருக்குள் எத்தனையோ ஆண்கள் தினமும் பேச்சுக்குப் பேச்சு சொல்லித் தப்பிக்கிற வார்த்தைதான், அவர்கூட எத்தனையோ தடவை, நிலம் வாங்க வந்தவனிடமும் சீட்டுக் கட்டச் சொன்னவனிடமும், சும்மா சொல்லியிருக்கிறார்.

"கொஞ்சம் இருங்க" என்றார். "வீட்டுல கேட்டுட்டு வர்றேன்."

எப்படிக் கேட்பது என்று தெரியாமலே, வெயிலில் இறங்கி, அவளை நோக்கித் திரும்ப நடந்தார்.